ஒகேனக்கல்லில் ஒரு நாள்: கன அடி பார்த்துக் கிளம்புங்கள்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், இரு பக்கமும் மலைகள் நெருக்கும் காவிரிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஒகேனக்கல். சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏறத்தாழ 115 கி.மீ. தொலைவு. காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் மலை, காடு, பேராறு, அருவி நான்கும் ஓரிடத்தில் கிடைப்பது இங்கேதான். அஸ்தம்பட்டியின் வாசலிலேயே ஏற்காட்டுச் சாலை தொடங்குகிறது. ஆனால் ஏற்காட்டில் இருப்பது ஏரி. கொல்லிமலையின் ஆகாய கங்கை அழகானதுதான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பிறகு நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஏற வேண்டும் என்பதால், மூட்டுவலி உள்ள பெரியவர்களோடு போகும் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. மேட்டூரில் ஆறு அணைக்குள் அடங்கிவிடுகிறது. ஓடும் காவிரியில் குளித்து, அதன் நடுவே பரிசலில் போய், கரையிலேயே மீன் குழம்பு சாப்பிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் ஒகேனக்கல்லுக்குத்தான் போக வேண்டும்.

இந்தப் பயணத்தைத் திட்டமிடும் பெரும்பாலோர் விடுமுறை நாளிலிருந்து தொடங்குகிறார்கள். யாருக்கு எப்போது லீவு, யார் யார் வருகிறார்கள், வேனா காரா என்று முடிவு செய்த பிறகு கடைசியில்தான் ஆற்றைப் பற்றிய பேச்சு வருகிறது. மூன்று மணி நேரம் பயணம் செய்து போய், அருவிக்குப் போகும் வழி பூட்டப்பட்டிருப்பதைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒகேனக்கல் பயணத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆற்றில் எத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒகேனக்கல்லில் பாயும் தண்ணீரின் பெரும்பகுதி அங்கே பெய்த மழை கிடையாது. குடகு மலையிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. குடகின் நீர் கிருஷ்ணராஜ சாகர் அணைக்கும், வயநாட்டின் நீர் கபினி அணைக்கும் போகிறது. அணைகள் நிரம்பி, மதகு வழியே திறந்துவிடப்படும் தண்ணீர் மேகேதாட்டு இடுக்கைக் கடந்து, காடுகளுக்கு நடுவே ஓடி, தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவை ஓரிரு நாட்களில் வந்தடைகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. இரு மாநிலங்களுக்கும் இடையிலான காவிரிக் கணக்கு அங்கேதான் எழுதப்படுகிறது. அதற்குச் சற்றுக் கீழே ஒகேனக்கல். ஆகவே மைசூர்ப் பக்கத்து அணைகளில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்ற செய்தி, இரண்டு நாள் கழித்து ஒகேனக்கல் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை போக நினைப்பவர் வெள்ளிக்கிழமைச் செய்தியைப் படிப்பது அவசியம்.

ஆற்று நீர்வரத்தில் ஒரு கன அடி என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் நொடிக்கு 2.8 லட்சம் லிட்டர் தண்ணீர் ஒரு இடத்தைக் கடக்கிறது. இதே அளவு இடைவிடாமல் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) நிறையாது; 11,574 கன அடி ஓட வேண்டும். இந்த ஒரு கணக்குத் தெரிந்தால், காவிரித் தீர்ப்பையே பயண அட்டவணையாகப் படிக்கலாம்.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அந்த அளவு மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி.; அதை 31 நாட்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் நொடிக்குச் சுமார் 17,000 கன அடி. ஜூலைக்கு 31.24, சராசரி 11,600 கன அடிக்கு மேல். செப்டம்பருக்கு 36.76, சராசரி 14,000. அக்டோபரில் அது 7,500 ஆகவும், நவம்பரில் 5,300 ஆகவும், டிசம்பரில் 2,700 ஆகவும் இறங்குகிறது. ஜனவரி முதல் மே வரை மாதத்துக்கு இரண்டரை டி.எம்.சி. அளவுதான், நாள் சராசரி ஆயிரம் கன அடி. ஜூனில் 9.19 டி.எம்.சி. என்று மறுபடி ஏறத் தொடங்குகிறது.

உண்மையில் ஆறு இப்படி ஒழுங்காக வருவதில்லை. மழை பிந்திய ஆண்டுகளில் ஆகஸ்டிலும் பாறைகள் காய்ந்து கிடக்கும். மழை கொட்டிய ஆண்டுகளில் ஒரே வாரத்தில் மாதக் கணக்கு தீர்ந்துவிடும். 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அந்த நாட்களில் ஐந்தருவி, சினி அருவி, மெயின் அருவி என்று தனித்தனியாக எதுவும் தெரியாது. பாறை முழுவதையும் மூடிக்கொண்டு ஒரே செம்மண் வெள்ளம் போகும். அதைத் தொலைவில் நின்று பார்ப்பதும் ஒரு காட்சிதான். அதற்காகவே போகிறவர்கள், குளியலும் பரிசலும் கிடையாது என்று தெரிந்தே போக வேண்டும்.

குளிக்கவும் பரிசலில் போகவும் ஏற்ற மாதங்கள், இந்தக் கணக்கின்படி, அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. ஆற்றில் அருவி விழும் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். பரிசல் சுழற்றியடிக்கப்படும் அளவுக்கு இருக்காது. வெயிலும் தாங்கும்படி இருக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: வடகிழக்குப் பருவமழை காலத்தில் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், கேரட்டி, ராசிமணல் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை, அணைச் செய்தி எதிலும் வராமல் சில மணி நேரத்தில் ஆற்றில் சேர்ந்துவிடும். காலையில் தெளிவாக ஓடிய நீர் மதியம் கலங்கி ஏறுகிறது என்றால், யாரும் வந்து விரட்டும் வரை காத்திருக்காமல் கரையேறிவிட வேண்டும். கோடை விடுமுறையில்தான் கூட்டம் அதிகம். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நீர் குறைந்து, பரிசல் போகும் தூரமும் சுருங்கிவிடும். மே மாதம்தான் முடியும் என்றால் அருவியைப் பெரிதாக எதிர்பார்க்காமல், ஆற்றுக் குளியலுக்காகப் போவது நல்லது.

நீர்வரத்து கூடும்போது குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிப்பது மாவட்ட நிர்வாகம். தடை எப்போது விதிக்கப்படும், எப்போது விலக்கப்படும் என்பது அன்றன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறையினர் சேர்ந்துதான் கண்காணிக்கிறார்கள். நீர்வரத்து ஐந்திலக்க எண்ணைத் தொட்டுவிட்டது என்று முந்தின நாள் மாலைச் செய்தி சொன்னால், மறுநாள் தடை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். தடை பல வாரங்கள் நீடித்த ஆண்டுகளும் உண்டு. பரிசல் ஓட்டிகள், மசாஜ் செய்வோர், மீன் சமைத்துத் தரும் பெண்கள் என்று ஊட்டமலையிலும் ஒகேனக்கல்லிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்த வாரங்களில் வருமானம் இல்லாமல் இருக்கின்றன. அவர்களுக்கே இல்லாத அவசரம் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு வேண்டியதில்லை.

நாளைத் தேர்வு செய்வதில் இன்னொன்றும் உண்டு. ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, காணும் பொங்கல், தொடர் விடுமுறை ஆகிய நாட்களில் பென்னாகரத்துக்கு அப்பால் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஆடிப்பெருக்கை ஒகேனக்கல்லில் அரசே விழாவாக நடத்துகிறது. விழாவைக் காண விரும்புவோருக்கு அது நல்ல நாள், ஆற்றைக் காண விரும்புவோருக்கு அல்ல. வாரநாள் ஒன்றில் விடுப்பு எடுக்க முடிந்தால் பரிசல் வரிசையிலேயே அதன் பலன் தெரியும்.

வழி எளியது. அஸ்தம்பட்டியிலிருந்து ஐந்து ரோடு, குரங்குச்சாவடி, மாமாங்கம், கருப்பூர், ஓமலூர் என்று பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால், தீவட்டிப்பட்டி, தொப்பூர் தாண்டித் தருமபுரி. அங்கிருந்து மேற்கே திரும்பி இண்டூர், பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கி.மீ. மேட்டூர், பெரும்பாலை வழியாகவும் பென்னாகரம் சேரலாம். நெடுஞ்சாலை நெரிசலை விரும்பாதவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேருந்தில் போவோர் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் தருமபுரிப் பேருந்து ஏறி, அங்கே ஒகேனக்கல் பேருந்துக்கு மாறுவது எளிது. தருமபுரிப் பேருந்து அடிக்கடி கிடைக்கும். ஒகேனக்கல்லில் இறங்கியதும், திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பென்னாகரம் தாண்டியதும் நிலம் மாறிவிடுகிறது. சாலை காட்டுக்குள் இறங்கத் தொடங்குகிறது. இந்த மலைக்காடுகள் 2014-ல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தையும், 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தையும் ஒட்டியவை. யானைகள் நடமாடும் பகுதி. சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதும், குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசுவதும் இங்கே கூடவே கூடாது. வீசிப் பழக்கியதால்தான் ஒகேனக்கல் கடைத்தெருவில் குரங்குகள் கையிலிருக்கும் பையையே பிடுங்குகின்றன.

காலை ஐந்தரை மணிக்கு அஸ்தம்பட்டியை விட்டால் எட்டரை, ஒன்பதுக்குள் ஆற்றங்கரையில் இருக்கலாம். இந்த நேரக் கணக்கு முக்கியம். காலையில் பரிசல் வரிசை சிறியது, பாறை சூடேறியிருக்காது, மசாஜ் செய்பவர்களும் ஓய்வாக இருப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தால் மூன்றுமே தலைகீழாகிவிடும். பரிசல் முதலில், குளியல் அடுத்து, சாப்பாடு பிறகு என்று வரிசை வைத்துக்கொள்வதே சரி. முதலில் சாப்பிட்டு, பிறகு எண்ணெய் தேய்த்து, கடைசியில் பரிசலுக்கு நிற்பவர்கள், மாலையில் பரிசல் நிறுத்தப்படும் நேரத்தில் வரிசையின் நடுவில் இருப்பார்கள்.

பரிசல் என்பது மூங்கில் தப்பைகளை வட்டமாகப் பின்னிச் செய்யும் ஓடம். முன்பு வெளிப்புறம் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும், பாறைக்கு மேலே மெல்லிய படலமாக ஓடும் நீரிலும் அது போகும். படகுகளைப் போல முன்னும் பின்னும் அதற்குக் கிடையாது. ஒரே துடுப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுத்தான் திசை காட்ட வேண்டும். பாறையும் சுழலும் எங்கே என்று மனத்திலேயே படம் வைத்திருப்பவர்தான் அதை ஓட்ட முடியும். நீர் குறைந்த இடத்தில் பயணிகளை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் சுமந்து பாறையைக் கடந்து, மறுபக்க நீரில் இறக்கி மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். அருவிகளுக்குக் கீழே, செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, மேலிருந்து தெறிக்கும் நீரில் நனைந்தபடி போகும் அந்தப் பகுதிதான் ஒகேனக்கல் பயணத்தின் உச்சம். ஆற்றின் மறுகரை கர்நாடகம்; அங்கேயும் பரிசல்கள் ஓடுகின்றன.

பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போன வரலாறும் இந்த ஆற்றுக்கு உண்டு. ஒரு பரிசலில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும், லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்ற விதியும் அதனால் வந்தவை. கட்டணக் கவுன்ட்டரில் சீட்டு வாங்கித்தான் ஏற வேண்டும். வரம்புக்கு மேல் இன்னொரு குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகள் அனைத்தையும் மாட்டியிருக்க வேண்டும். ஆற்றின் நடுவில் பரிசலைச் சுழற்றிக் காட்டுவது ஓட்டிகளின் வழக்கம்; வேண்டாம் என்று முன்பே சொன்னால் செய்ய மாட்டார்கள். பரிசலில் எழுந்து நின்று படம் எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதை எந்த ஓட்டியும் சொல்வார்.

குளிப்பதற்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் இருக்கின்றன. கம்பித் தடுப்பு போட்ட மெயின் அருவிப் பகுதியில் பெண்களும் குழந்தைகளும் பெரியவர்களும் பயமில்லாமல் நிற்கலாம். அதைத் தாண்டி, ஆளில்லாத திட்டுகளையும் மடுக்களையும் தேடிப் போவதில்தான் ஒகேனக்கல் சாவுகளில் பெரும்பாலானவை நடக்கின்றன. ஆற்றுப் படுகை முழுவதும் பாறை. நீர் அதைக் குடைந்து குடைந்து கிணறு போன்ற பள்ளங்களை உண்டாக்கி வைத்திருக்கிறது. மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு அடியில் இழுப்பு இருக்கும். பாசி படிந்த பாறையில் நீச்சல் தெரிந்தவருக்கும் கால் நிற்காது. காவிரியின் இந்தப் பகுதியில் முதலைகளும் வாழ்கின்றன. ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருப்பதைப் பார்த்துவிட்டும் அறிமுகமில்லாத மடுவில் இறங்குகிறவர்களை என்ன சொல்வது?

இந்தப் பாறைகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒகேனக்கல் வட்டாரத்தில் காணப்படும் கார்பனடைட் என்னும் தீப்பாறை வகை, சுமார் 240 கோடி ஆண்டு பழமையானது என்று நிலவியலாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலகில் அறியப்பட்ட மிகப் பழைய கார்பனடைட் பாறைகளில் இதுவும் ஒன்று. பிள்ளைகளோடு போகிறவர்கள் தொங்கு பாலத்தில் நின்று அருவியைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பது ஒகேனக்கல்லின் தனி அடையாளம். கரையில் துண்டு விரித்து, நல்லெண்ணெயோ வேறு எண்ணெயோ தேய்த்து, உச்சி முதல் பாதம் வரை தட்டி உருவி எடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில் இது. கூலியை முன்பே பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. பேசிய கூலியைக் குறைப்பது நல்ல பழக்கம் இல்லை. ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், அண்மையில் அறுவை சிகிச்சை என்று எதுவும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எண்ணெய் தேய்த்த காலோடு பாறையில் நடப்பது பெரிய ஆபத்து. உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குளித்து எண்ணெயைப் போக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு மீன். கரையோரக் கடைகளில் ஆற்று மீனைத் தேர்ந்தெடுத்து வாங்கி, மசாலாவும் அரிசியும் கொடுத்தால், விறகடுப்பில் குழம்பும் வறுவலும் செய்து தரும் பெண்கள் இருக்கிறார்கள். வந்ததும் அவர்களிடம் சொல்லி வைத்துவிட்டுப் பரிசலுக்குப் போனால், குளித்து முடிக்கும்போது சோறு தயாராக இருக்கும். பசியோடு வந்து நின்று அவசரப்படுத்தினால் குழம்பு குழம்பாக இருக்காது. மீன் சாப்பிடாதவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் வீட்டிலிருந்து புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவது உத்தமம். இடைத்தீனிக்கு, முந்தின நாள் மாலை வாங்கிய தட்டுவடை போதும். தட்டுவடை செட் போடுவதற்கான காய்கறித் துருவலையும் சட்னியையும் தனியாக எடுத்துக்கொண்டால் நமுத்துப் போகாது.

பிற்பகலில் நேரம் இருந்தால் காவிரிக்கரையின் தேசநாதேஸ்வரர் கோயிலுக்குப் போய் வரலாம். திரும்பும் வழியில் சற்றுச் சுற்றிப் போகத் தயாராக இருந்தால், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது. தொழுநோயால் ரயிலில் ஏற்றப்படாமல் கால்நடையாக ஊர் ஊராக விடுதலைப் பிரச்சாரம் செய்தவர், 1925 ஜூலை 23 அன்று அந்த ஊரில்தான் கண்ணை மூடினார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்ற அவருடைய கனவின் நினைவாக அரசு எழுப்பிய நினைவாலயமும் அங்கே உண்டு. ஒரு நாள் பயணத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது வீண் ஆகாது.

மாலை நான்கு மணிக்கு ஒகேனக்கல்லை விட்டுவிட வேண்டும். காட்டுச் சாலையை வெளிச்சத்திலேயே கடப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் தொப்பூர் கணவாய். போகும்போது ஏற்றமாக இருக்கும் அந்தச் சாலை, சேலத்துக்குத் திரும்பும்போது நீண்ட இறக்கமாகிவிடுகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதுவது அந்த இறக்கத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பகல் முழுக்கக் குளித்து, மீன் சோறு சாப்பிட்டு, தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் அங்கே வண்டி ஓட்டுவது தவறு. ஓட்டுகிறவர் எண்ணெய்க் குளியல் போடாமல் இருப்பதும், தருமபுரியில் நிறுத்தி டீ குடித்து முகம் கழுவிக்கொள்வதும், இறக்கத்தில் குறைந்த கியரில் லாரிகளிடமிருந்து தள்ளியே வருவதும் வீட்டில் காத்திருப்பவர்களுக்காகச் செய்ய வேண்டியவை.

தடை என்று முந்தின நாள் தெரிந்துவிட்டால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஒகேனக்கல்லில் வெள்ளம் என்றால் அந்த நீர் அடுத்துப் போய்ச் சேரும் இடம் மேட்டூர். அஸ்தம்பட்டியிலிருந்து ஐம்பது கி.மீ. சொச்சம்தான். 1934 ஆகஸ்ட் 21 அன்று திறக்கப்பட்ட அந்த அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; 120 அடியைத் தொட்டு நிரம்பினால் உபரி நீர் பதினாறு கண் மதகு வழியாகப் பாயும். அந்தக் காட்சியைக் காண ஊரே திரளும். அணைப் பூங்காவும் முனியப்பன் கோயிலும் ஒரு நாளுக்குப் போதும். அங்கேயும் மீன் உண்டு.

பையில் எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக் கூடாது என்பது முக்கியம். சோப்பு, ஷாம்பு, சிகைக்காய்ப் பொட்டலம், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பைகளும் தட்டுகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை. ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டுத் தவித்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு, ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதே ஆற்றிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. மிச்சம் மேட்டூருக்குப் போகிறது. சேலம் மாநகராட்சிக்குக் குடிநீர் வருவது மேட்டூரிலிருந்து. ஒகேனக்கல் பாறையில் கிழித்துப் போடும் ஷாம்பு பாக்கெட்டில் இருந்தது, சில வாரங்கள் கழித்து அஸ்தம்பட்டிக் குழாய்க்கு வரும் தண்ணீரோடுதான் கலக்கிறது. தலைக்கு ஷாம்பு போடுவதை வீட்டுக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.